சோகமானேனா, சோகமாகவே இருந்தேனா? மாறும் உணர்வை ஆங்கிலத்தில் சொல்லும் போர்த்துகீசியர்கள்

போர்த்துகீசியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்கு, நெருங்கிய நண்பர் ஊரைவிட்டுப் போகிறார் என்ற செய்தி வருகிறது. கேட்டதும் வருத்தம் உண்டானது என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நினைக்கிறார். 'ஐ ஸ்டேய்டு ஸேட்' என்கிறார். வாக்கியத்தில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. எழுவாய், இறந்தகால வினை, பெயரடை எல்லாம் உரிய இடத்தில் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலேயர் காதில் விழும் செய்தி வேறு. இவர் முன்பே வருத்தத்தில் இருந்தவர், அதிலிருந்து மீளவில்லை என்றுதான் அவர் புரிந்துகொள்வார். சொல்ல வந்தது வருத்தத்தின் தொடக்கம். போய்ச் சேர்ந்தது அதன் நீட்சி.

உணர்வு மாறுவதைச் சொல்லும்போது போர்த்துகீசியம் பேசுவோர் (இங்கே சுருக்கமாகப் போர்த்துகீசியர்கள்) செய்யும் ஆங்கிலப் பிழைகளில் இது மிகவும் பரிச்சயமானது. 4 கண்டங்களில் 25 கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழி என்பதால் பிழையும் பரவலானது. மொழி ஆசிரியர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்தது. ஆனால் அது ஏன் நேர்கிறது என்ற கேள்விக்கு 1940களிலிருந்து விடைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தாய்மொழியின் நிழல் என்றது ஒரு தலைமுறை. எந்த மொழிக்காரரும் கடந்தாக வேண்டிய படி என்றது அடுத்த தலைமுறை. உணர்வைக் காணும் பார்வையே மொழிக்கு மொழி வேறுபடுகிறது என்றனர் பின்னால் வந்தவர்கள். அந்த விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே கால் இடறுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1855: ஒரு நூல் தந்த தவறான சாட்சியம்

போர்த்துகீசியரின் ஆங்கிலப் பிழை என்றதும் பலரும் நினைவுகூர்வது 1855இல் பாரிசில் வெளியான ஓர் உரையாடல் கையேட்டை. ழோஸே த ஃபொன்ஸேக்கா, பெத்ரோ கரோலினோ ஆகிய இருவர் பெயரும் அதன் அட்டையில் இருந்தன. உண்மையில் எழுதியவர் கரோலினோ மட்டுமே என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1883இல் லண்டனில் அது 'இங்கிலீஷ் ஆஸ் ஷி இஸ் ஸ்போக்' என்ற தலைப்பில் நகைச்சுவை நூலாக மறுபதிப்பானது. அதே ஆண்டு வெளியான அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுதினார். அதுமுதல் அந்நூல் ஒரு கேலிப்பொருள்.

ஆனால் போர்த்துகீசிய மூளை ஆங்கிலத்தை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு அந்நூலைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஃபொன்ஸேக்கா முன்பே தயாரித்திருந்த போர்த்துகீசிய–பிரெஞ்சுக் கையேட்டின் பிரெஞ்சு வாக்கியங்களை, அகராதியின் துணையோடு சொல் சொல்லாக ஆங்கிலத்துக்கு மாற்றியதன் விளைவே அது என்று கருதப்படுகிறது. அதாவது, போர்த்துகீசியரின் பிழை என்று நூற்றாண்டுக்கும் மேலாகச் சிரிக்கப்பட்டவற்றில் கணிசமானவை பிரெஞ்சு வழியாக வந்தவை. பிழையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. பின்னால் வந்த கோட்பாடுகள் பலவும் இதே இடத்தில்தான் இடறின.

'ஃபிகார்' செய்யும் வேலை

கோட்பாடுகளுக்குள் நுழையுமுன் போர்த்துகீசியத்தின் ஒரு வினைச்சொல்லை நெருங்கிப் பார்க்க வேண்டும். 'ஃபிகார்' என்பது அது. ஆணியடித்துப் பொருத்துவதைக் குறித்த லத்தீன் வேரிலிருந்து கிளைத்த சொல். ஓரிடத்தில் தங்குவதற்கும் 'ஃபிகார்'தான், வங்கி தெருமுனையில் இருக்கிறது என்பதற்கும் 'ஃபிகார்'தான், மிச்சமாவதற்கும் அதுவே. இவற்றோடு, ஒரு நிலைக்குள் நுழைவதற்கும் அதுவே அன்றாடச் சொல். 'ஃபிகேய் த்ரிஸ்தே' என்றால் எனக்கு வருத்தமாகிவிட்டது. 'ஃபிகேய் கொம் மேதோ' என்றால் பயம் வந்துவிட்டது. சினம், வெட்கம், பொறாமை, மகிழ்ச்சி என எது வந்தாலும் வாசல் இந்த ஒரே சொல்.

தமிழில் 'கோபமானான்' என்பதும் 'கோபமாகவே இருந்தான்' என்பதும் வெவ்வேறு வினைகளால் பிரிந்து நிற்கின்றன. போர்த்துகீசியத்தில் இந்த எல்லை ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. 'ஃபிகோ கலாதோ' என்ற தொடர், பேசிக்கொண்டிருந்தவர் வாயடைத்துப்போனார் என்றும் பொருள்படும்; கடைசிவரை வாய் திறக்கவே இல்லை என்றும் பொருள்படும். 'நாள் முழுவதும்' என்பதைச் சேர்த்தால் அதே 'ஃபிகேய் த்ரிஸ்தே' நீட்சியைக் காட்டும். எதுவும் சேர்க்காவிட்டால் பெரும்பாலும் தொடக்கத்தைக் காட்டும். இதைச் சூழலைக் கொண்டு பிரித்தறிவதில் போர்த்துகீசியருக்கு எந்தச் சிரமமும் இல்லை.

தொடக்கத்தை மட்டும் காட்டும் வினைகள் அம்மொழியில் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 'என்த்ரிஸ்தெஸேர்' போல '-எஸேர்' என்று முடியும் ஒரு வினைக் குடும்பமே உண்டு. அந்த ஈறு, லத்தீனில் தொடங்குதலைச் சுட்டிய விகுதியின் வழித்தோன்றல். ஆயினும் அவற்றில் பல எழுத்து நடைக்கே உரியவையாக ஒலிக்கின்றன. வீட்டிலும் தெருவிலும் ஆள்வது 'ஃபிகார்'.

ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றை இணை கிடையாது. வேலை பலரிடம் பிரிந்திருக்கிறது: 'கெட்', 'பிகம்', 'கோ', 'டர்ன்', 'ஃபீல்', பல இடங்களில் வெறும் 'வாஸ்'. அகராதியைத் திறக்கும் மாணவரின் கண்ணில் முதலில் படுவதோ 'ஸ்டே'.

தாய்மொழி நிழல் என்ற விடை

முதல் பெரிய விடை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1945இல் சார்லஸ் ஃப்ரைஸும், 1957இல் அவர் வழிவந்த ராபர்ட் லாடோவும் முன்வைத்த நிலைப்பாடு எளிமையானது. இரு மொழிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், வேறுபடும் இடங்களில் மாணவர் இடறுவார். ஒத்துப்போகும் இடங்களில் எளிதாகக் கடப்பார். உறழ் ஆய்வு என்று பெயர்பெற்ற இம்முறைக்குப் பின்னால், மொழி என்பது பழக்கம், பழைய பழக்கம் புதியதில் குறுக்கிடும் என்ற நடத்தையியல் நம்பிக்கை இருந்தது.

நம் பொருளைப் பொறுத்தவரை இந்த விடையின் வலிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. 'ஐ ஸ்டேய்டு ஸேட்' அதற்கு நேரான சான்று. அதோடு நிற்கவில்லை. 'அது என்னை வருத்தப்படுத்தியது' என்பதைப் போர்த்துகீசியர் 'தெய்ஷார்' என்ற வினையால் சொல்வார்கள். விடுதல், அனுமதித்தல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. ஆகவே ஆங்கிலத்தில் 'மேட்' வர வேண்டிய இடத்தில் 'லெட்' வந்துவிடுகிறது: 'இட் லெட் மீ ஸேட்'. உணர்தலைக் குறிக்கும் 'ஸென்தீர்-ஸே' தற்சுட்டு வினை என்பதால் 'ஐ ஃபீல் மைசெல்ஃப் ஸேட்' என்று ஒரு சொல் கூடிவிடுகிறது. உணர்வு படிப்படியாக வளர்வதைச் சொல்லும் 'காதா வேஸ் மாய்ஸ்' என்ற தொடர் 'ஈச் டைம் மோர் ஸேட்' ஆகிறது. ஆங்கிலம் எதிர்பார்ப்பதோ 'ஸேடர் அண்ட் ஸேடர்' அல்லது 'மோர் அண்ட் மோர்'. அச்சத்தைப் பெயர்ச்சொல்லாக வைத்துப் பேசும் வழக்கத்தால் 'ஐ ஹேவ் ஃபியர்', 'ஐ ஸ்டேய்டு வித் ஃபியர்' போன்றவை பிறக்கின்றன. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கும் போர்த்துகீசிய வாக்கியத்தைச் சுட்டிக் காட்ட முடியும்.

உருவில் ஒத்துப் பொருளில் பிரியும் சொற்களையும் இங்கேயே சேர்க்கலாம். ஏமாற்றமடைவதைக் குறிக்கும் 'தெஸெப்ஸாவ்' ஆங்கிலத்தில் 'டிஸெப்ஷன்' என்று, வஞ்சகம் என்ற பொருளில் போய் விழுகிறது. மனத்துயரமான 'தெஸ்கோஸ்தோ' அருவருப்பைக் குறிக்கும் 'டிஸ்கஸ்ட்' ஆகிறது. பட்டியல் நீளமானது, ஆனால் இவை பெரும்பாலும் ஒருமுறை திருத்தினால் நினைவில் நிற்பவை.

'நெர்வோஸோ' மட்டும் தனிக் கவனத்துக்குரியது. பிரேசிலில் ஒருவர் 'நெர்வோஸோ' ஆனார் என்றால் பதற்றப்பட்டார் என்றும் இருக்கலாம், எரிச்சலடைந்து கத்தினார் என்றும் இருக்கலாம். 'ஹி காட் நெர்வஸ் வித் மீ' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது, மாற்றத்தைக் காட்டும் வினை சரியாகவே அமைந்துவிட்டது. மாறிய உணர்வுதான் வேறாகிவிட்டது. இச்சொல்லின் வேர் இன்னும் ஆழமாகவும் ஓடுகிறது. வடகிழக்கு பிரேசிலின் ஏழைக் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்த மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ், 1992இல் வெளியிட்ட நூலில், 'நெர்வோஸ்' என்ற பெயரில் அங்கே பேசப்பட்ட உடல்–மன வேதனைக்குள் தீராத பசியும் ஒளிந்திருந்ததை எடுத்துக்காட்டினார். அப்படிப்பட்ட ஒரு சொல்லை ஆங்கிலத்தின் 'நெர்வஸ்' தாங்காது.

தாய்மொழி நிழல் என்ற இந்த விடையின் பலவீனம், அது முன்கூட்டிச் சொன்னவற்றுள் பல நடக்காததும் நடந்தவற்றுள் பலவற்றை அது சொல்லாததும்தான். 1970இல் ரொனால்டு வார்ட்ஹாவ் இந்தக் குறையை நேரடியாகச் சுட்டினார். பிழைகளை முன்னறிவிக்கும் ஆற்றல் இம்முறைக்கு இல்லை, நேர்ந்த பிழையைப் பின்னால் விளக்குவதற்கே அது பயன்படும் என்றார். பின்னால் விளக்குவதிலும் 1855ஆம் ஆண்டு நூல் காட்டிய ஆபத்து தொடர்கிறது. பொருத்தமான தாய்மொழி வாக்கியம் ஒன்றைத் தேடினால் எப்படியும் கிடைத்துவிடும். கிடைத்தது என்பதாலேயே அதுதான் காரணம் என்றாகிவிடாது.

கற்போரின் சொந்த இலக்கணம்

1967இல் மொழியியலாளர் பிட் கோர்டர் எழுதிய கட்டுரை திசையை மாற்றியது. பிழை என்பது ஒழிக்க வேண்டிய களை அல்ல, கற்பவர் மனத்தில் உருவாகும் விதிகளைக் காட்டும் தடயம் என்றார் அவர். 1972இல் லாரி செலிங்கர் அந்த விதித் தொகுப்புக்கு இடைமொழி என்று பெயர் சூட்டினார். 1974இல் ஹைடி டியூலே, மரினா பர்ட் ஆகியோர், ஸ்பானியம் பேசும் குழந்தைகளின் ஆங்கிலப் பிழைகளில் தாய்மொழியால் வந்தவை ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே என்று அறிவித்தபோது, நிழல் கோட்பாடு ஏறத்தாழக் கைவிடப்பட்டது.

இந்த நிலைப்பாடு மிகச் சிறப்பாக விளக்கும் பிழை ஒன்று நம் களத்தில் இருக்கிறது. சலிப்படைந்த மாணவர் 'ஐ ஆம் போரிங்' என்கிறார். தான் சலிப்பூட்டும் ஆள் என்று தன்னைப் பற்றியே சொல்லிவிடுகிறார்; வேண்டியது 'போர்டு'. இதற்குத் தாய்மொழியைக் குற்றம் சொல்வது கடினம். ஆர்வம் கொண்டவரையும் ஆர்வமூட்டும் பொருளையும் போர்த்துகீசியமும் தனித்தனி ஈறுகளால் தெளிவாகப் பிரிக்கிறது. அப்படியிருந்தும் பிழை நேர்கிறது. ஜப்பானியரும் சீனரும் அரபியரும் இதையே செய்கிறார்கள். சிக்கல், உணர்வை ஊட்டுவதையும் உணர்பவரையும் ஒரே வினையின் இருபுறமும் நிறுத்தும் ஆங்கில வினைகளின் அமைப்பிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. 1990களில் லிடியா வைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் பல தாய்மொழியினரை வைத்துச் செய்த ஆய்வுகளும், உணர்பவரை எழுவாய் இடத்துக்கு இழுத்துவரும் போக்கு பொதுவாகக் காணப்படுவதையே காட்டின.

'ஐ ஆம் ஸேட் சின்ஸ் மண்டே' என்பதையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமையிலிருந்து வருத்தமாக இருக்கிறேன் என்று போர்த்துகீசியர் நிகழ்காலத்தில் சொல்கிறார், தமிழரான நாமும் அப்படித்தான் சொல்கிறோம், பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும்கூட. ஆங்கிலம் மட்டும் 'ஹேவ் பீன்' கேட்கிறது. இத்தனை மொழிக்காரர்கள் ஒரே பிழையைச் செய்தால் அது வளர்ச்சிப் படியா, அல்லது எல்லாருடைய தாய்மொழியும் ஒரே மாதிரி இருப்பதால் வந்த நிழலா? இரு விளக்கங்களும் ஒரே வாக்கியத்தைத்தான் முன்னறிவிக்கின்றன. பிழையை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

டியூலே, பர்ட் முடிவுக்கு வருவோம். அவர்கள் பார்த்தவை பெரும்பாலும் சொல்லீறுகளும் வாக்கிய உறுப்புகளும், பார்த்தது குழந்தைகளை. உணர்வைச் சொல்லும் வினைத்தேர்வு அந்தக் கணக்கில் பெரிதாக இடம்பெறக்கூடியதே அல்ல. அதிலிருந்து பெரியவர்களின் 'ஸ்டேய்டு ஸேட்' பற்றி எந்த முடிவுக்கும் வருவது நியாயமாகாது. அந்த 5 விழுக்காட்டை எல்லா வகைப் பிழைகளுக்குமான அளவுகோலாகப் பிற்காலத்தில் எடுத்துக்கொண்டது, இத்துறையில் நிகழ்ந்த பெரிய அவசரங்களில் ஒன்று என்றே தோன்றுகிறது.

இடையில் வந்த எரிக் கெல்லர்மனின் கருத்தும் நினைக்கத்தக்கது. ஒரு சொல்லின் மையப் பொருள் என்று தாங்கள் கருதுவதை மட்டுமே கற்பவர்கள் பிறமொழிக்குக் கொண்டுசெல்லத் துணிகிறார்கள், ஓரத்துப் பொருள்களைத் தங்கள் மொழிக்கே உரியவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்று, டச்சு மாணவர்களை வைத்து 1970களின் இறுதியில் அவர் காட்டினார். 'ஃபிகார்' சொல்லுக்குத் தங்குதலே மையப் பொருள் என்றால், நிலைமாறும் பொருளை மாணவர் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகத் தயங்கியிருக்க வேண்டும். அவர் தயங்குவதில்லை. அப்படியானால் அகராதி முதலில் போடும் பொருளும், பேசுபவர் மனத்தில் முதலில் இருக்கும் பொருளும் ஒன்றல்ல என்று கருத இடமிருக்கிறது.

பேசுவதற்காகச் சிந்திப்பது

மூன்றாவது விடை, வினையிலிருந்து பார்வைக்கு நகர்கிறது. தவளையைத் தேடும் சிறுவனின் கதையைச் சொற்களில்லாத படநூலாகப் பல மொழிக் குழந்தைகளிடம் கொடுத்துச் சொல்லச் சொன்ன டான் ஸ்லோபின், பேசும் நேரத்தில் அவரவர் மொழி கேட்கும் விவரங்களை நோக்கியே கவனம் திரும்புகிறது என்றார். அனெட்டா பாவ்லென்கோ இதை உணர்வுக்குக் கொண்டுவந்தார். ரஷ்ய மொழியில் உணர்வுகள் பெரும்பாலும் வினைகளாக, ஒருவர் செய்துகொண்டிருக்கும் செயல்களாக வருகின்றன. ஆங்கிலத்தில் பெயரடைகளாக, ஒருவர் இருக்கும் நிலைகளாக வருகின்றன. இருமொழியாளர்கள் தம் பேச்சில் இந்த வேறுபாட்டைச் சுமந்து செல்வதை அவர் ஆய்வுகள் காட்டின. 2008இல் ஸ்காட் ஜார்விஸுடன் சேர்ந்து எழுதிய நூலில், சொல்லோடு கருத்தாக்கமும் ஒரு மொழியிலிருந்து மறுமொழிக்குப் போகிறது என்ற வாதத்தை விரித்தார்.

போர்த்துகீசியத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கும் ஆசை இயல்பானது. இயல்பைச் சொல்ல 'ஸேர்', தற்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தார்', அந்நிலைக்குள் நுழைவதைச் சொல்ல 'ஃபிகார்' என்று மூன்று வினைகளால் இயங்கும் மொழி அது. அதைப் பேசுபவர், உணர்வைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் 'இது என் இயல்பா, இப்போதைய நிலையா, இப்போதுதான் வந்ததா' என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆங்கிலத்தின் 'வாஸ்' இந்தத் தேர்வைக் கேட்பதே இல்லை. 'ஸ்டேய்டு' என்று சொல்பவர், ஆங்கிலம் கேட்காத ஒரு விவரத்தைத் தன் மொழியின் பழக்கத்தால் கொடுக்க முயல்கிறார் என்று இந்நிலைப்பாட்டின்படி வாதிடலாம். எனக்கு இது ஈர்ப்புள்ள விளக்கமாகவே படுகிறது.

ஆனால் இதற்கான ஆதாரம் சுற்றிச் சுற்றி வருகிறது. பார்வை வேறு என்பதற்குப் பிழை சான்று. பிழைக்குப் பார்வை காரணம். இந்த வட்டத்தை உடைக்க, மொழியைச் சாராத சோதனைகள் வேண்டும். மேலும் ஸ்லோபினின் வலுவான தரவுகள் இயக்கத்தைப் பற்றியவை. ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். உணர்வின் தொடக்கம் அப்படித் தெரிவதில்லை. 'ஸவுதாதே' என்ற ஏக்கச் சொல்லை வைத்துப் போர்த்துகீசிய உள்ளத்தை விளக்க முனையும் எழுத்துகள் ஏராளம். அவை நம் கேள்விக்கு உதவவில்லை. பெயர் இல்லாத உணர்வுகளிடத்தில் பிழைகள் குவிவதில்லை. வருத்தம், மகிழ்ச்சி, கோபம் போன்ற, இரு மொழியிலும் பெயருள்ள மிகச் சாதாரண உணர்வுகளிடத்தில்தான் குவிகின்றன.

ஆங்கிலத்தின் சொந்த ஒழுங்கின்மை

மேற்கண்ட மூன்றும் கற்பவரையே பார்க்கின்றன. ஆங்கிலத்தைத் திருப்பிப் பார்த்தால் சிக்கலின் பாதி அங்கே இருப்பது தெரியும்.

கோபம் வந்தால் 'காட் ஆங்ரி' இயல்பு. பயந்தால் 'காட் ஸ்கேர்டு', மனம் நொந்தால் 'காட் அப்ஸெட்'. ஆனால் மகிழ்ச்சி வந்தால் 'காட் ஹேப்பி' என்பது பெரும்பாலான இடங்களில் காதுக்கு ஒட்டாது. நீ கூப்பிட்டதும் மகிழ்ச்சியாகிவிட்டது என்பதை ஆங்கிலேயர் 'ஐ வாஸ் ஸோ ஹேப்பி வென் யூ கால்டு' என்று, மாற்றத்தையே காட்டாத வினையால் சொல்லி முடித்துவிடுவார். கேட்பவர் மாற்றத்தைத் தானே ஊகித்துக்கொள்வார். வியப்புக்கும் அப்படியே 'வாஸ்'. பைத்தியம் பிடித்தால் மட்டும் 'வென்ட்'. ஏன் கோபத்துக்கு ஒன்று, மகிழ்ச்சிக்கு வேறொன்று? வேண்டாததும் கட்டுக்கடங்காததுமான மாற்றங்களுக்கு 'கெட்', 'கோ' அதிகம் சேர்கின்றன என்று ஒரு போக்கைச் சொல்லலாம். 'எக்ஸைட்டட்' போல அதை மீறும் சொற்களும் உண்டு. விதி என்று சொல்லும் அளவுக்கு அது உறுதியாக இல்லை.

1999இல் டக்ளஸ் பைபர் குழுவினர், பெருந்தரவகத்தை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட லாங்மன் இலக்கணம் இன்னொரு விவரத்தைத் தந்தது. மாற்றத்தைக் காட்டும் வினைகளில் பேச்சில் கோலோச்சுவது 'கெட்'. கல்வி எழுத்தில் 'பிகம்'. பாடநூலில் 'பிகம்' கற்ற மாணவர் 'ஐ பிகேம் வெரி ஹேப்பி' என்கிறார். பிழையில்லை, ஆனால் நண்பரிடம் பேசும் பேச்சாகவும் இல்லை. 'ஸ்டேய்டு' என்பதைத் திருத்தும் ஆசிரியர் பலமுறை 'பிகேம்' என்றே திருத்துகிறார். அப்போது பொருட்பிழை நீங்கி நடைப்பிழை குடியேறுகிறது. சொற்சேர்க்கைகளை முன்னிறுத்தும் ஆய்வாளர்கள் இதனால்தான், வினையைத் தனியே கற்பிக்காமல் 'கெட் ஆங்ரி', 'பீ ஹேப்பி' என்று உணர்வோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் வாதத்தில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆயினும் சேர்க்கை சேர்க்கையாகக் கற்றவர், முன்பு கேட்டிராத உணர்வுச் சொல் ஒன்று வரும்போது என்ன செய்வார் என்பதை அது சொல்வதில்லை.

அளவுகோலே நகர்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்பதைப் பிரேசிலியர் தொடர்வினையால் அழகாகச் சொல்வார். ஆங்கிலத்தில் அது 'ஐ ஆம் லைக்கிங் ஹிம்' ஆகும்போது ஆசிரியர் தவறென்று அடித்துவிடுவார். ஆனால் 2003இல் மெக்டொனால்ட்ஸ் தொடங்கிய 'ஐ ஆம் லவின் இட்' விளம்பரம் உலகெங்கும் ஒலித்தது. தொடர்வினையின் பயன்பாடு 20ஆம் நூற்றாண்டு முழுவதும் ஆங்கிலத்தில் பெருகியே வந்திருக்கிறது. இன்று அடிக்கப்படும் வாக்கியம் நாளை அடிக்கப்படுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பிழையா, வேறோர் ஆங்கிலமா

2000க்குப் பிறகு ஜெனிஃபர் ஜென்கின்ஸ், பார்பரா ஸைடல்ஹோஃபர் போன்றோர் கேள்வியையே மாற்றினர். இன்று ஆங்கிலத்தைப் பேசுவோரில் பெரும்பாலோர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லர். பிரேசிலியரும் கொரியரும் பேசிக்கொள்ளும்போது லண்டன்காரரின் வழக்கு ஏன் அளவுகோலாக வேண்டும்? புரிந்தால் போதாதா?

'ஈச் டைம் மோர் ஸேட்' போன்றவற்றுக்கு இது நியாயமான பதில். யாருக்கும் அது புரியாமல் போகாது. ஆனால் 'ஸ்டேய்டு ஸேட்', 'காட் நெர்வஸ்' வகைக்கு இப்பதில் பொருந்தாது. கோர்டர் 1971இல் பிழைகளை வெளிப்படையானவை, மறைவானவை என்று பிரித்தார். இலக்கணம் பிசகாமல், சூழலுக்குப் பொருந்தாத பொருளைத் தருவது மறைவான பிழை. புரியாதபோது 'என்ன சொன்னீர்கள்' என்று கேட்பார்கள். வேறாகப் புரிந்தபோது யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்டு, ஃப்ரேமிங்ஹாம் போன்ற ஊர்களில் போர்த்துகீசியம் பேசும் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. மனச்சோர்வைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் பிஹெச்க்யூ-9 கேள்வித்தாள், கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று கேட்கிறது. வருத்தம் வந்தது என்பதும் வருத்தம் விலகவில்லை என்பதும் அங்கே வெவ்வேறு விடைகள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆங்கிலத்தில் பதில் சொல்பவர் ஒருவரின் வினைத்தேர்வு மருத்துவரின் மதிப்பீட்டைத் திருப்பக்கூடும். மறைவான பிழையை வெறும் நடை விஷயம் என்று தள்ளிவிட முடியாததற்கு இது போதுமான காரணம் என்று கருதுகிறேன்.

இன்னும் தீராதவை

இந்த விடைகளில் எதுவும் மற்றவற்றை வெளியேற்றிவிடவில்லை. 'ஸ்டேய்டு', 'லெட்', 'ஃபீல் மைசெல்ஃப்' ஆகியவற்றில் தாய்மொழியின் கை ஏறக்குறைய உறுதி. 'போரிங்' விஷயத்தில் அது மிகவும் பலவீனமானது. 'பிகேம் ஹேப்பி'யில் பாடநூலுக்கும் ஆங்கிலத்தின் ஒழுங்கின்மைக்கும் பங்கிருக்கிறது. பார்வை மாற்றம் பற்றிய வாதம் இவற்றில் எதற்கும் இன்றியமையாதது என்று இதுவரை நிறுவப்படவில்லை. தவறு என்றும் நிறுவப்படவில்லை.

தரவுகளின் தன்மையும் ஒரு தடை. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் சில்வியான் கிராங்கர் உருவாக்கிய பன்னாட்டுத் தரவகம் கற்போர் ஆங்கிலத்துக்கான முதன்மையான சேமிப்பு. ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களின் வாதக் கட்டுரைகள். 'அவள் போனதும் எனக்கு எப்படி ஆகிவிட்டது தெரியுமா' என்று யாரும் வாதக் கட்டுரையில் எழுதுவதில்லை. பிழை வாழும் இடம் பேச்சும் கடிதமும் குறுஞ்செய்தியும்.

தவிர்ப்பு இன்னொரு சிக்கல். கடினமானதைக் கற்பவர்கள் சொல்லாமலே விலகிவிடுவதால் பிழைக் கணக்கு ஏமாற்றும் என்று ஜாக்குலின் ஷாக்டர் 1974இல் எச்சரித்தார். 'எக்ஸைட்டட்' என்ற சொல்லின் போர்த்துகீசிய உறவுச்சொல் பாலுணர்வுக் கிளர்ச்சியைக் குறிப்பதால், கூச்சப்பட்டு அதை ஒதுக்குபவர்கள் இருக்கக்கூடும். பயணத்துக்காகத் துள்ளிக் காத்திருப்பதை 'ஆங்க்ஷஸ்' என்று கவலையின் சாயலோடு சொல்லக்கூடும். 'ஸ்டேய்டு' தவறு என்று ஒருமுறை கற்றவர், பிறகு எல்லா இடத்திலும் 'வாஸ்' போட்டுப் பிழையின்றித் தப்பிக்கலாம். அவர் ஆங்கிலத்தில் பிழை இராது. அவர் சொல்ல விரும்பிய மாற்றமும் இராது.

எந்தப் போர்த்துகீசியம் என்ற கேள்வியும் பாக்கி. லிஸ்பன் வழக்கும் சாவோ பாவ்லோ வழக்கும் கோபத்துக்கும் சலிப்புக்கும் வெவ்வேறு சொற்களைப் புழங்குகின்றன. தற்சுட்டு வினைகளோடு வரும் பிரதிப்பெயரைப் பிரேசில் பேச்சு பல இடங்களில் உதிர்த்துவிடுகிறது. மொசாம்பிக்கிலோ பெரும்பான்மையோரின் தாய்மொழி பாந்து மொழிகளில் ஒன்று. போர்த்துகீசியமே அவர்களுக்குப் பள்ளியில் வந்த மொழி. மாபுட்டோ மாணவர் ஒருவர் 'ஐ ஸ்டேய்டு ஸேட்' என்றால் அது போர்த்துகீசியத்தின் நிழலா, அதற்கும் முந்தைய மொழியின் நிழலா என்பதை நாம் பார்த்த கோட்பாடுகள் பிரித்துச் சொல்லப் போதுமானவையாக இல்லை.

ஆசிரியர் ஊகித்துத் திருத்துவதையும், பேசியவரிடமே கேட்டு அவர் எண்ணத்தை உறுதிசெய்வதையும் கோர்டர் வேறுபடுத்தினார். மறைவான பிழைகளுக்கு இரண்டாவது வழி மட்டுமே உதவும். ஒருவர் ஆங்கிலத்தில் தம் உணர்வைச் சொன்ன உடனேயே, அதே நிகழ்வை அவர் தாய்மொழியில் கேட்டுப் பதிவுசெய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். 'வாஸ் ஸேட்' என்ற குற்றமற்ற வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை முறை 'எஸ்தார்' இருந்தது, எத்தனை முறை 'ஃபிகார்' இருந்தது என்று எண்ண வேண்டும். லிஸ்பன், சாவோ பாவ்லோ, மாபுட்டோ மூன்றிலும் அப்படி எண்ணிப் பார்த்தால்தான் மேலே கண்ட விளக்கங்களுள் எதற்கு எவ்வளவு இடம் தரலாம் என்று பேசத் தொடங்க முடியும்.